கெடுபிடி மார்ஃபின் மீது விழக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வலி நிவாரண மாத்திரைகள் போதைக்காக விற்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கெடுபிடி தேவைதான். ஆனால் அது புற்றுநோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தின் மீதும் போய் விழுந்துவிடக் கூடாது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது அதுதான் நடந்தது. பல துறைகளில் உரிமம் வாங்கும் அலைச்சலுக்கும் கடும் தண்டனைக்கும் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில் இந்த நிலை! 2014இல் சட்டத்தைத் திருத்தி, நடைமுறையை எளிதாக்கினார்கள். பயம் மட்டும் போகவில்லை.

என் தந்தைக்கு வாய்ப் புற்றுநோய். கடைசி மாதங்களில் பேச்சு நின்றுவிட்டது. வலி வந்தால் கட்டில் சட்டத்தைக் கரண்டியால் தட்டுவார். மருத்துவர் எழுதிய சீட்டோடு 5 கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. அப்புறம் 80 கிலோமீட்டர் தள்ளி ஒரு வலி நிவாரணப் பிரிவில் 10 மில்லிகிராம் மாத்திரை கிடைத்தது, 4 மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கல் வந்தது, அதற்கும் மருந்து தந்தார்கள். போதையெல்லாம் இல்லை. அன்றிரவு தூங்கினார், அவ்வளவுதான். மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மார்ஃபின் இருப்பு எவ்வளவு என்பதை மருந்தகப் பலகையில் தினமும் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்