கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் வரிசை மாறிக் கிடக்கிறது

அனுப்புநர்:
அரிசி ஆலை உரிமையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பாயிண்ட் 32 பிஸ்டலின் கையேட்டில் ஆபத்தான பிழை.

ஐயா,

உங்கள் பிஸ்டலை முறையான உரிமத்தோடு வாங்கி வைத்திருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் ஜூனில் திரும்ப வாங்கினேன். அடுத்த வாரம் சுடுதளத்துக்குப் போனபோது நடந்தது இது.

நான்காவது ரவுண்டில் சுட்ட தோட்டாவின் காலிக் கேஸ் வெளியே தெறிக்காமல் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) வாயில் சிக்கி, நாற்று நட்ட மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. பெட்டியிலிருந்த கையேட்டைப் பிரித்துத் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தேன். முதலில் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும், பிறகு மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியைக் கழற்ற வேண்டும், அப்புறம் டிரிகரை அழுத்திக் காலியாக இருப்பதை உறுதி செய்ய வேண்டுமாம். அப்படியே செய்தேன். கேஸ் விழுந்தது. மேகசினும் கைக்கு வந்துவிட்டது. டிரிகருக்கு விரல் போகும் நேரத்தில் பின்னால் நின்ற பயிற்சியாளர், "சார், கையை எடுங்க!" என்று கத்தினார். அவர் முன்னாள் ராணுவ வீரர். குழாயைத் தடுப்பு மண்மேட்டுப் பக்கமே வைத்தபடி ஸ்லைடை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். சுடாத தோட்டா ஒன்று மினுங்கிக்கொண்டு சாக்கு விரிப்பில் உருண்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) ஏறத்தானே செய்யும்? அதன் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? உங்கள் ஆங்கிலப் பக்கத்தில் மேகசின்தான் முதலில் வருகிறது. அதற்குப் பின் ஸ்லைடை இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தடவிப் பார்க்கச் சொல்கிறது. அது சரி. டிரிகரை அழுத்தும் பேச்சே அங்கே இல்லை. தமிழ் படிப்பவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? அறுவடை இயந்திரத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தாமல் கை வைக்கக்கூடாது என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும்.

டிரிகரை அழுத்தி 'டிக்' என்று மட்டும் கேட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு வரிகூட இல்லை. தோட்டாவின் வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். பாதுகாப்பான திசையிலேயே நீட்டி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இதையும் பயிற்சியாளர்தான் சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் தொலைபேசிப் பிரிவுக்குச் சொன்னால், "டெல்டாவில் ஈரப்பதம் அதிகம், அதனால் சிக்கியிருக்கும்" என்கிறார்கள். சிக்கியதைப் பற்றி நான் புகாரே சொல்லவில்லை. மூன்று மாதம் துடைக்காமல் கிடந்த துப்பாக்கி. காலிக் கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் அழுக்கு. அது என் தவறு. அச்சடித்த வரிசை யார் தவறு?

தமிழ்ப் பக்கத்தைத் திருத்தி, இதுவரை வாங்கிய எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துப்பாக்கி விற்பவர்களிடம் வாங்கியவர்களின் பதிவேடு இருக்கும். முகவரி கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 30 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கையேட்டின் இரண்டு பக்கங்களின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்