கீழாநெல்லி: அரைக்கும் முன் காயைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்ததும் மஞ்சள் காமாலை வருகிறது. கூடவே பத்திரிகைகளில் கீழாநெல்லிக் குறிப்புகளும் வருகின்றன. "ஒரு கைப்பிடி பறித்து அரைத்து மோரில் குடிக்கவும்" என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. எந்தச் செடி, எங்கே முளைத்தது, யார் குடிக்கக் கூடாது என்று யாரும் எழுதுவதில்லை.

வரப்பிலும் பூந்தொட்டியிலும் முளைக்கும் நாலைந்து வகைச் செடிகளை நம் ஊரில் கீழாநெல்லி என்றே பறிக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் பூமி ஆமலகி என்று இன்று கொள்ளப்படுவது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமரஸ் என்ற தாவரவியல் பெயருள்ள செடி. பல நூல்களில் இது 'நிரூரி' என்று அச்சாகியிருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அதனால் கிளையைத் திருப்பிப் பிடித்து இலைக்கு அடியில் பார்க்க வேண்டும். அமரஸ் வகையில் தண்டு பச்சையாக வழவழப்பாக இருக்கும். கடுகளவு காய்கள் சிறு காம்பில் வரிசையாகத் தொங்கும். மேல்தோல் மழுமழுவென்று இருக்கும். நகத்தால் பிளந்தால் மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள். தண்டு செந்நிறமாகவும், காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாகவும் இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் பில்லாந்தஸ் யூரினேரியா. இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகன்று ஆப்பு போல இருந்தால் மேலாநெல்லி. இவற்றுக்கும் மருத்துவப் பயன் உண்டு. ஆனால் கல்லீரலுக்கென்று பேசப்படும் பில்லாந்தின் என்ற பொருளை நம்பி எடுப்பவருக்கு வேண்டியது அமரஸ்தான். அந்தப் பொருள் இலையில்தான் அதிகம், தண்டில் மிகக் குறைவு. நிழலில் உலர்த்தும்போது இலைகள் பொலபொலவென்று உதிரும். அடியில் துணி விரிக்காவிட்டால் மிஞ்சுவது குச்சிதான். கடையில் கட்டாக வாங்கும் காய்ந்த சரக்கில் இலையே இல்லையென்றால் அதை வாங்கிப் பயனில்லை.

அடுத்தது பறிக்கும் இடம். இதில்தான் எனக்குப் பெருங்கவலை. மழைக்காலக் காமாலையில் பெரும்பகுதியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் கழிவு கலந்த நீர் வழியாகப் பரவுபவை. சாக்கடை ஓரம் வளர்ந்த செடியை மண்ணும் வேருமாகப் பிடுங்கி, தெருக்குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி, பச்சையாக அரைத்துக் கொடுத்தால், எந்த நோய்க்கு மருந்து தேடுகிறோமோ அதே கிருமியை வீட்டில் இன்னொருவருக்கும் ஊட்டிவிட வாய்ப்புண்டு. கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்து. மேட்டு நிலத்தில் களைக்கொல்லி அடிக்காத இடத்துச் செடியை எடுங்கள். வேரின் மண் போகும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அரைக்கவும் மோர் கலக்கவும் கொதித்து ஆறிய நீரையே சேருங்கள். அம்மியையும் மிக்ஸி ஜாரையும் வெந்நீர் விட்டுக் கழுவுவது நல்லது.

அளவுக்குக் கைப்பிடிக் கணக்கு சரிப்படாது. குழந்தையின் கைப்பிடியும் பெரியவர் கைப்பிடியும் ஒன்றா? ஆயுர்வேதத்தில் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு நாளுக்குச் சாறு 10 முதல் 20 மி.லி., அல்லது உலர் பொடி 3 முதல் 6 கிராம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு இதைக் கொடுப்பது கூடவே கூடாது.

சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமி சுமந்திருந்த 37 பேருக்கு இந்தச் செடியின் பொடி 200 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. அது பெரிய நம்பிக்கையைத் தந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மேலும் அது ஹெபடைடிஸ் பி பற்றியது; மழைக்காலக் காமாலைக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். அதற்கிடையில் குடித்த எதுவும் குணப்படுத்தியதாகவே தோன்றும்.

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல என்பதால்தான் முதலில் இரத்தப் பரிசோதனை. மலம் சாம்பல் நிறமாக வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். எந்தச் சாறும் அதை எடுக்காது. காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் தாமதமின்றித் தேவை. நிற்காத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, பகலெல்லாம் தூக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பத்தியம் முடியட்டும் என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் கல்லீரல் கைவிட்டுப் போகிறது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இனி கீழாநெல்லிக் குறிப்பு வெளியிட்டால் இலைப் படத்தோடு, கிளையைத் திருப்பி அடிப்பக்கக் காயும் தண்டும் தெரிய எடுத்த படமும் போடுங்கள். மில்லி, கிராம் அளவும், யாருக்கு ஆகாது என்பதும் அதே பெட்டிச் செய்திக்குள் இருக்கட்டும்; வெட்டி எடுத்து அடுப்பங்கரையில் ஒட்டுபவர்கள் அந்தப் பெட்டியை மட்டும்தான் வெட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி.