வதந்திக்கு அரைப் பக்கம், வெற்றிக்கு ஆறு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ் கைக்கு வந்ததும் விளையாட்டுப் பக்கத்தை முதலில் திருப்பும் வாசகன் நான். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் பல ஆண்டுகள் கொடியும் கையுமாக எல்லைக்கோட்டில் ஓடிய துணை நடுவர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கால்பந்துச் செய்திகளைப் படித்துவிட்டு வாதாடுவதற்கென்றே எங்களுக்கு ஒரு நண்பர் வட்டம் உண்டு. கோடை வந்துவிட்டால் பேச்சு இரண்டு திசைகளில்தான் போகும். எந்தச் சின்ன அணி எந்தப் பெரிய அணியைச் சாய்த்தது என்பது ஒன்று. எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்கு மாறப்போகிறார் என்பது இன்னொன்று. இரண்டுமே எங்களுக்குப் பிடித்த பேச்சுதான். ஆனால் தங்கள் பக்கத்தில் இரண்டாவதற்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட முதலாவதற்குக் கிடைப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பெரிய அணி ஒன்று தோற்றால் ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று தலைப்பு வருகிறது. அடியில் யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் போட்டார் என்ற விவரம். அதோடு சரி. ஏன் தோற்றது, எப்படி வென்றது என்று ஒரு வரி இருக்காது. ஆட்டத்தைப் பார்க்காத வாசகர் அதை ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்றுதானே எடுத்துக்கொள்வார்?

2022 நவம்பர் 22-ஆம் தேதி உலகக் கோப்பையில், கத்தாரின் லுசைல் மைதானத்தில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று வென்றதை நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்த அணி அர்ஜென்டினா. பத்தாவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்துவிட்டார். இடைவேளை முடிந்ததும் 48-ஆவது நிமிடத்தில் அல்-ஷெஹ்ரியும் 53-ஆவது நிமிடத்தில் அல்-தவ்சாரியும் அடித்தார்கள். செய்தியில் வந்தது இவ்வளவுதான். உண்மையில் அந்த ஆட்டத்தின் சூட்சுமம் முதல் பாதியில் இருந்தது. சவூதி பயிற்சியாளர் எர்வே ரெனார் தன் தடுப்பாட்டக்காரர்களைக் கோலுக்கு முன்னால் குவித்து வைக்கவில்லை. நடுக்கோட்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். மெஸ்ஸி எதிரில் நிற்கும்போது அப்படி நிறுத்த நெஞ்சுரம் வேண்டும். சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில் அந்தத் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு; அர்ஜென்டினா முன்வீரர்கள் மறுபடியும் மறுபடியும் அதில் சிக்கினார்கள். முதல் பாதியில் மட்டும் ஏழு முறை. மூன்று கோல்கள் செல்லாமல் போயின.

கொடி பிடித்து நின்றவனுக்கு அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். தடுப்பாட்டக்காரர் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஒன்றாக முன்னே வரவேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் திட்டம் பாழ். துணை நடுவரோ கடைசித் தடுப்பாட்டக்காரரின் நேர்க்கோட்டிலேயே தன் உடலை வைத்துக்கொண்டு, பந்து உதைபடும் அந்தக் கணத்தையும் பிடிக்க வேண்டும். கண் இங்கே, காது அங்கே. உதையின் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் கணத்தைக் குறித்துக்கொள்வோம். கத்தாரில் 12 கேமராக்களும் பந்துக்குள் ஓர் உணரியும் அந்த வேலைக்குத் துணை நின்றன. அர்ஜென்டினாவின் லவுதாரோ மார்டினெஸ் போட்ட கோல்களில் ஒன்று மயிரிழையில் செல்லாமல் போனது. சவூதி வீரர்கள் அந்த மயிரிழையை நம்பித்தான் ஒரு பாதி முழுவதும் ஆடினார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று அவர்கள் ஊர் திரும்பியதும், அர்ஜென்டினா கோப்பையையே வென்றதும் அன்றைய துணிச்சலின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை. இதை ஒரு பத்தி எழுதியிருந்தால் எத்தனை இளம் தடுப்பாட்டக்காரர்கள் படித்துப் பயன்பெற்றிருப்பார்கள்!

அதே போட்டியில் ஜப்பான் ஸ்பெயினை வென்ற ஆட்டமும் அப்படித்தான். பந்து ஜப்பானியர் காலில் இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரம். இடைவேளையில் ஜப்பான் பயிற்சியாளர் மொரியாசு களமிறக்கிய டோவானும் மிட்டோமாவும் ஆட்டத்தைத் திருப்பினார்கள். டோவான் சமன் செய்த சில நிமிடங்களில், கோட்டைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பந்தை மிட்டோமா உள்ளே தள்ள, தனாகா கோலாக்கினார். வி.ஏ.ஆர். எனும் காணொளி உதவி நடுவர் முறையில் பார்த்து கோல் செல்லும் என்றார்கள். பந்து முழுவதும் கோடு முழுவதையும் கடந்தால்தான் வெளியே என்பது விதி. தரையில் பந்துக்கும் கோட்டுக்கும் இடையே புல் தெரிந்தாலும், மேலிருந்து பார்க்கும்போது பந்தின் விளிம்பு கோட்டுக்கு மேலே நின்றது. அந்த ஒரு கோலால் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது. ஸ்பெயின் ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் கோல் வித்தியாசத்தில் ஜெர்மனிதான் முன்னேறியிருக்கும். இந்தக் கணக்கை நண்பர் ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்கள் வட்டத்தில் பலருக்குப் புரிந்தது. அதை நாளிதழ் சொல்லியிருக்க வேண்டாமா?

வதந்திகளை அச்சிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிளப் ஆட்டங்கள் இல்லாத கோடை மாதங்களில் ரசிகருக்கு அடுத்த பருவத்தின் மீதான ஆசையை ஊட்டி வளர்ப்பவை அவைதான். எங்கள் வட்டத்தில் ஒருவர் இருக்கிறார். தன் கிளப்புக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரர் வரப்போகிறார் என்று படித்தால் அன்றே அவரைச் சேர்த்துப் பதினொரு பேர் அணியை எழுதிவிடுவார். அவர் மகிழ்ச்சியை நான் ஏன் கெடுக்க வேண்டும்? என் கோரிக்கை வேறு. வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரும்பாலான வதந்திகளுக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டு மிச்சம் இருந்தால், சம்பளத்தை உயர்த்த முகவர் வேறு கிளப்பின் பெயரைக் கசியவிடுவார். 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், வாங்கும் கிளப் பழைய கிளப்புக்குத் தரும் மாற்றுத்தொகை இல்லாமலே கிளம்பிவிடலாம் என்பதால் அந்தக் கடைசி ஆண்டில் பேரம் பேசும் பலம் அவர் பக்கம் போய்விடுகிறது. பணமுடையில் இருக்கும் கிளப் விற்க நினைக்கும் ஆட்டக்காரருக்கு ஏலம் கூட்டப் பார்க்கும். வாங்கும் கிளப்பின் தலைவருக்குத் தேர்தல் வந்தால் அதுவும் ஒரு காரணம். 2000-இல் லூயிஸ் ஃபிகோவைப் பார்சிலோனாவிலிருந்து கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஃப்ளோரென்டினோ பெரெஸ் ரியல் மாட்ரிட் தலைவர் தேர்தலில் வென்றார், கொண்டும் வந்தார்.

2022 கோடை முழுவதும் பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஃப்ரெங்கி டி யோங் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போகிறார் என்ற செய்தி ஓடியது. வதந்திக்கு வலுவான அடித்தளம் இருந்தது: அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற எரிக் டென் ஹாக், அயாக்ஸில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர், பார்சிலோனாவுக்கோ பண நெருக்கடி. ஆனால் ஆட்டக்காரருக்குப் போக மனமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிவைத்த சம்பளமும் அவருக்கு வர வேண்டியிருந்தது. கடைசியில் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். மான்செஸ்டருக்கு வந்தது ரியல் மாட்ரிட்டின் கசெமிரோ. இரண்டு கிளப்புகளும் பேசின என்பதற்கும் ஆட்டக்காரர் சம்மதித்தார் என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்தக் கோடை காட்டியது. எல்லோரும் சம்மதித்தாலும் முடியாமல் போகலாம். 2015-இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டாவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்கு மாறுவது எல்லாம் பேசி முடித்தும், கடைசி நாளில் ஆவணங்கள் கெடுவுக்குள் போய்ச் சேராததால் நின்றுபோனது. அவருக்குப் பதிலாக எதிர்த்திசையில் போகவிருந்த மாட்ரிட் கோல்கீப்பர் கெய்லோர் நவாஸ் மாட்ரிட்டிலேயே தங்கி, அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

பாரிஸ் செயிண்ட் ஜெர்மெய்ன் கிளப்பில் ஆடிய பிரெஞ்சு முன்வீரர் எம்பாப்பே விஷயம் இன்னும் பாடமானது. 2021-இலேயே ரியல் மாட்ரிட் அவரைக் கேட்டது, பாரிஸ் விடவில்லை. 2022 மே மாதம் அவரே பாரிஸோடு ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஒப்பந்தம் முடிந்து 2024-இல்தான் மாட்ரிட் போனார். வதந்தி பொய்யில்லை, காலம்தான் தவறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் ‘உறுதி’ என்று படித்த ரசிகர்கள் ஏமாந்தார்கள்.

நான் முதலில் சொன்ன இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2024 ஜூன் 26-ஆம் தேதி, ஐரோப்பியக் கோப்பையில் ஜார்ஜியா போர்ச்சுகலை 2–0 என்று வென்றது. ஜார்ஜியாவுக்கு அதுதான் முதல் பெரிய போட்டி; கலந்துகொண்ட 24 அணிகளில் தரவரிசையில் கடைசி. போர்ச்சுகல் பிரிவில் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்துவிட்டதால் அணியில் பலரை மாற்றியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டாவது நிமிடத்திலேயே போர்ச்சுகலின் தவறான பாஸ் மிக்காவுதாட்சேயிடம் போக, அவர் முன்னே தள்ளிய பந்தை ஓடிப்போய் கோலாக்கினார் குவாரட்ஸ்கெலியா. இரண்டாம் பாதியில் மிக்காவுதாட்சே பெனால்டி அடித்தார். கோல்கீப்பர் மமர்தாஷ்விலி அதற்கு முந்தைய ஆட்டத்தில் செக் குடியரசின் முயற்சிகளில் 11-ஐத் தடுத்திருந்தார்.

அதன் பிறகு இந்த மூவரின் பெயரும் இடமாற்றச் செய்திகளில் அடிபட்டது. மிக்காவுதாட்சே அந்தக் கோடையிலேயே லியோனுக்குப் போனார். மமர்தாஷ்விலியை லிவர்பூல் ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்து, ஒரு பருவம் வலென்சியாவிலேயே விட்டுவைத்து, 2025-இல் அழைத்துக்கொண்டது. நாப்போலியின் குவாரட்ஸ்கெலியா அந்தக் கோடையில் நகரவில்லை. 2025 ஜனவரியில் பாரிஸ் சென்றார். ஆட்டத்தை ஊன்றிப் படித்தவருக்கு இந்த மூன்று மாற்றங்களும் ஏன் நடந்தன என்று தானாகவே விளங்கும். ஆட்டத்தைப் பற்றி ஆறு வரியும் வதந்தி பற்றி அரைப் பக்கமும் படித்தவருக்கு மூன்றும் வெறும் பெயர்களும் தொகைகளும்தான்.

ஆகவே வரும் கோடைக்குத் தங்களிடம் சில வேண்டுகோள்கள். இடமாற்றச் செய்தி ஒவ்வொன்றிலும் அதைச் சொன்னது கிளப்பா, முகவர் தரப்பா, வேறொரு பத்திரிகையா என்று குறிப்பிடுங்கள். பேச்சுவார்த்தை, தொகை உடன்பாடு, மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து ஆகியவற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால், பதினொரு பேர் அணி எழுதும் என் நண்பர் பேனாவை எப்போது எடுக்கலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். தாங்கள் அச்சிட்டவற்றில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்ற பட்டியலை இடமாற்றக் காலம் முடிந்த மறுநாள் ஒருமுறை வெளியிடுங்கள். அப்படிச் செய்யும் நாளிதழின் மீது வாசகருக்கு நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

சின்ன அணி ஒன்று வெல்லும் நாளில் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அணி எப்படி நிறுத்தப்பட்டது, பயிற்சியாளர் எந்த நிமிடத்தில் யாரை மாற்றினார், எங்கே திருப்பம் வந்தது என்று எழுத வையுங்கள். இடம் போதவில்லை என்றால் அன்றைக்கு ஒரு வதந்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை நடுவர் ஒருவர்