கூரை ஒழுகிய கறை

புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முகூர்த்த மாதம் என்பதால் கல்யாணப் படங்களுக்குத் தங்கநிற பீடிங் சட்டம் அடித்து அடித்து விரல் நுனியெல்லாம் கீறல், பேனா பிடிக்க முடியவில்லை. இன்று காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக் கூட்டம். அந்த நெரிசலில் கண்ணாடி போட்ட படத்தை யார் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று மத்தியானமே கடையை மூடிவிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சி தரும் எண்ணெயைத் தடவுகிறாயா, இல்லை பாட்டிலை ஜன்னல்மேல் வைத்து வேடிக்கை பார்க்கிறாயா?

பேத்தி விஷயத்தைப் படித்ததும் எனக்கும் வயிறு எரிந்தது. உங்கள் கடலூர்க் கெடிலம் பாலத்தடியில் துணி துவைக்கும் பெண்ணை அந்தக் குழந்தை ஓவியப் போட்டிக்கு வரைந்திருக்கிறாள். நடுவர் மூன்று பேரும் அந்தக் கைவிரல்களைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார்கள். அப்புறம் யாரோ வந்து, "இது போனில் ஏஐ போட்டுக் கொடுத்த படம், அதைப் பார்த்து இழுத்திருக்கு" என்று காதில் ஓதியதும், அதே மூன்று பேர் அதே விரல்களைக் காட்டி, "பாருங்க, விரலே சரியில்லை" என்றார்களாம். அரைமணி நேரத்தில் விரல் எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறாய். மனசறிந்து பொய் சொல்கிறார்கள் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு என் கடையில் போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு நீர்வண்ணப் படம் தொங்குமே, பழைய துறைமுகப் பாலம். 2022இல் கடலுக்குள் பாதி சரிந்ததே, அதேதான். பாலம் விழுவதற்கு மூன்று வருடம் முன்பு யாரோ சட்டம் போடக் கொடுத்துவிட்டு, திரும்பி வரவே இல்லை. ரசீதில் பெயர்கூடக் கிடையாது, முன்பணம் 200 என்று மட்டும் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உங்கள் பக்கம் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்த அதே நாட்கள்தான். என் கடைக் கூரை ஷீட் இடுக்கில் ஒழுகிய தண்ணீர் கண்ணாடிக்கு உள்ளே இறங்கி, படத்தின் வலது மூலையில், வானமும் கடலும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலத்தைக் கரைத்துவிட்டது. அன்றைக்கு அதற்கு நேர் கீழே பக்கெட் வைத்தவனே நான்தான்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். அந்தம்மா சும்மா சுவரைப் பார்த்தபடி, "இது யார் வரைஞ்சது?" என்று கேட்டார். நம் கடைப் பையனுக்கு வாய் சும்மா இருக்காது. "வம்பாக்கீரப்பாளையத்துல ஒரு மீனவர் மேடம். பாலம் இடிஞ்ச மறுநாள் ஞாபகத்துலயே வரைஞ்சாரு" என்று எடுத்துவிட்டான். அந்தம்மா கைப்பையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டே போனார். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தக் கறையின் ஓரமாகவே மெதுவாக நகர்த்தி, "இங்க பாருங்க, இந்த இடத்துல கை நடுங்கியிருக்கு. அழுதுகிட்டே வரைஞ்சிருக்காரு" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். நடிப்பில்லை மாப்பிள்ளை, சத்தியமாகத் தண்ணீர்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எனக்கும் தெரிந்தது! பையன் புளுகுகிறான் என்று தெரியும், அந்தக் கறை என் கூரை ஒழுகியது என்று தெரியும். இருந்தும் இத்தனை நாள் வெறும் கறையாக இருந்தது அந்த ஒரு நிமிஷம் கடலாகப் பொங்கியது. கதை காதில் விழுந்து காதோடு நிற்கவில்லை, கண்ணுக்குப் போய்விட்டது.

அப்புறம் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தம்மா இரண்டடி பின்னால் வந்து, அதே மூலையைப் பார்த்து முகம் சுளித்து, "ஆமா, டேமேஜ் மாதிரிதான் இருக்கு. அப்ப ரேட் குறைப்பீங்களா?" என்றார். அது விற்பனைக்கே இல்லை என்றேன். கிளம்பிவிட்டார்கள். பையன் சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

உன் நடுவர்களும் அப்படித்தான். விரல் அவர்களுக்கு உண்மையாகவே கோணலாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவர்களோடு விரலை வைத்து வாதாடிப் பயனில்லை என்கிறேன்.

உளவியல் படித்தாளே என் சின்னவள், அவளிடம் இதைச் சொன்னேன். இது ஊரறிந்த விஷயம்பா என்று சிரித்தாள். 2014இல் ஓர் ஆய்வாம். வான்கோவின் சூரியகாந்திப் படத்தைக் காட்டி, சிலரிடம் மட்டும் இவர் தன் காதை அறுத்துக்கொண்டவர் என்று சொல்லியிருக்கிறார்கள். காது கதை கேட்டவர்களுக்குப் படம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. 2004இல் இன்னொன்று. ஒரே கவிதையைக் கொடுத்து, பாதிப் பேரிடம் இதை எழுத 4 மணி நேரம் ஆனது என்றும், மீதிப் பேரிடம் 18 மணி நேரம் என்றும் சொன்னார்கள். 18 மணி நேரக் கவிதைதான் ஒசத்தி! இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமே இல்லை. என்னிடம் தஞ்சாவூர் படம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "எத்தனை நாள் ஆச்சு?" என்றுதான். நானும் ஒரு பத்து நாள் சேர்த்தே சொல்வேன், நீ யாரிடமும் சொல்லிவிடாதே. இயந்திரம் வரைந்தது, மனிதன் வரைந்தது என்று சீட்டை மாற்றி மாற்றி ஒட்டியும் பார்த்திருக்கிறார்களாம். மனிதன் என்ற சீட்டுக்குத்தான் பெரும்பாலும் மதிப்பு கூடுகிறது. உன் பேத்தி முதுகில் தப்பான சீட்டை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் நான் 35 வருடமாகச் சீட்டு ஒட்டுகிற தொழில்தான் செய்கிறேன். காலண்டர் தாளில் கிழித்த ஒரு பூப்படம். அதைச் சுற்றி நாலு அங்குலம் வெள்ளை மவுண்ட் அட்டை விட்டு, மெல்லிய கறுப்பு பீடிங் அடித்து மாட்டினால், வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதே படத்துக்கு மினுமினுக்கிற பீடிங் போட்டால் சலூனில்கூட மாட்டமாட்டார்கள்.

நீ தமிழ் வாத்தியார், உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் இதை நினைக்கும்போதெல்லாம் உங்கள் ஊர் வழக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலார் பாடல்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தபோது அட்டையில் போட்ட பெயர் 'திருவருட்பா'. அந்த ஒரு சொல்லில்தானே அத்தனை சண்டையும் மூண்டது. அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம் மாதிரியான நூல்கள்தான், இது மருட்பா, அதாவது மயக்கத்தில் பிறந்த பாட்டு என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்ப, கண்டனமும் மறுப்புமாக அச்சடித்துத் தள்ளி, கடைசியில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது. வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று உன் அப்பா சொல்வாரே, நாம் எட்டாவது படிக்கும்போது? அது நடந்ததோ இல்லையோ, சொல்லும்போது அவரும் எழுந்து நின்றுகொள்வார். நல்ல மனிதர்.

இதில் என்னை மிகவும் தொடுவது வள்ளலாரின் கூச்சம்தான். இராமலிங்கசாமி என்று தன் பெயரைப் போடவேண்டாம், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அன்பருக்குக் கடிதமே எழுதினாரே. பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டுவது பாட்டைப் படிக்கிற கண்ணை என்ன செய்யும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஒட்டியவர்கள் விடவில்லை. ஒரு தரப்பு அட்டையைப் பார்த்துக் கும்பிட்டது, இன்னொரு தரப்பு அட்டையைப் பார்த்து எரிந்தது. நடுவில் பாட்டை மட்டும் படித்தவர் எத்தனை பேரோ.

குழந்தையை நடுவர்கள் முன்னால் உட்காரவைத்து, மறுபடி வரைந்து காட்டச் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. ஹாலந்தில் வான் மேகெரென் என்று ஓர் ஓவியன் இருந்தான். பழைய துணியில் பேக்கலைட் கலந்த வண்ணத்தைப் பூசி அடுப்பில் வைத்துக் காய்ச்சி, கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துக்கு முந்தைய டச்சு ஓவியர் வெர்மீரின் படம் என்று நம்பவைத்தவன். 1937இல் அந்தத் துறையின் மூத்த அறிஞர் பிரேடியஸ், வெர்மீரின் தலைசிறந்த படம் இதுதான் என்று பத்திரிகையில் எழுதினார், ரோட்டர்டாம் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. போர் முடிந்ததும், நாட்டின் சொத்தான இன்னொரு வெர்மீர் படத்தை நாஜித் தலைவன் கோரிங்குக்கு விற்ற துரோகி என்று அவனைப் பிடித்தார்கள். ஐயா, அது வெர்மீர் இல்லை, நானே வரைந்தது என்றான். யார் நம்புவார்கள்? 1945இல் காவலில் வைத்து, சாட்சிகள் முன்னால் இன்னொன்று வரைந்து காட்டவைத்தார்கள். அந்தப் பழைய படங்களை இன்று பார்க்கிறவர்கள், கண் இமையெல்லாம் தடித்து இவ்வளவு மோசமாக இருக்கிறதே, இதில் எப்படி ஏமாந்தார்கள் என்கிறார்கள். இவர்களுக்கும் சீட்டு கொடுத்தாயிற்றே, அதனால் தெரிகிறது! ஆனால் அவன் மோசடிக்காரன், உட்கார்ந்து வரைய வேண்டியதுதான். பன்னிரண்டு வயதுப் பெண் எதற்காகக் கைதி மாதிரி உட்கார வேண்டும்? அந்தப் பதற்றத்தில் கை நடுங்கினால் அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

சரி, பின்னணியே தெரியக்கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். பாரதி 1908இலிருந்து பத்து வருடம் இந்த ஊரில் ஒளிந்து வாழ்ந்தார் என்று தெரிந்து படித்தால் சில பாட்டு வேறு ஆழத்துக்குப் போகிறது. அது பாட்டுக்குள்ளேயே இருக்கிற செய்தி. ஆனால் முண்டாசும் மீசையும் மட்டும் பார்த்துப் படம் வாங்கிப்போகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள், அந்த வரும்படியில்தான் என் கடை ஓடுகிறது. எது உள்ளே இருக்கும் செய்தி, எது மேலே ஒட்டியது என்று எனக்கே பல நேரம் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' எழுதியவர் யார், எந்த ஊர், காது இருந்ததா இல்லையா, ஒன்றும் தெரியாது. பாட்டில் இருக்கிற சொல்லையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். நீ வகுப்பில் அதை நடத்தினால் பின் பெஞ்சுகூட வாயைத் திறந்தபடி கேட்கும் என்பார்களே, உன் பையன்கள்.

அந்தத் துறைமுகப் படத்தை இன்று மத்தியானம் கழற்றி, மூலையைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டலாமா என்று பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன். கொடுத்தவர் ஒருநாள் வந்து கறை எப்படி வந்தது என்று கேட்டால் மழையைத்தான் சொல்ல வேண்டும். பையனிடமும் கண்டித்துச் சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் தெரியாது என்று மட்டும் சொல் என்று. நேற்று ஒருவர் கேட்டாராம், தெரியாது என்றானாம், அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம்.

பேத்தி படத்தைச் சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்து, வரும் சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவா. அவளையும் கூட்டிக்கொண்டு வா. மவுண்ட் எந்த நிறம், பீடிங் எது, கீழே பெயர் எழுத இடம் விடுவதா வேண்டாமா, எல்லாம் அவளே சொல்லட்டும். வயது எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம். வரும்போது பண்ருட்டிப் பலா கிடைத்தால் ஒரு கால் பழம் போதும், முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்