விசாரணைக்கு வாய்மொழி அழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசுவோர் வாழும் எல்லையோரக் கிராமங்களில், போலீஸ் விசாரணை என்பது, நான் பார்த்தவரை, கைப்பேசியில் வரும் ஓர் அழைப்பில்தான் தொடங்குகிறது. "ஸ்டேஷன் வரை வந்துவிட்டுப் போங்கள்" என்பதற்கு மேல் அதில் விவரம் எதுவும் இருக்காது.

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த 67 வயதுத் தோப்புக் காவலாளி ஒருவரை இப்படி அழைத்தார்கள். பக்கத்துத் தோப்பில் மோட்டார் திருடுபோனது பற்றி அவருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான். காலையில் போனவர் இருட்டிய பிறகே திரும்பினார். யாரும் அவரை அடிக்கவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்களாம். ஆனால் மலையாளத்தில் எழுதிய இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் மலையாளம் சரளமாகப் பேசுவாரே தவிர, படிக்கத் தெரியாதவர். எதில் கையெழுத்திட்டோம் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, சாட்சியை எழுத்து மூலமான உத்தரவால்தான் அழைக்க வேண்டும். அதுவும் தம் நிலைய எல்லையிலோ அதை ஒட்டிய நிலைய எல்லையிலோ இருப்பவரை மட்டுமே அழைக்கலாம். 60 வயதைக் கடந்த ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை, அவர்களே வர விரும்பினாலன்றி, அவர்கள் வசிக்கும் இடத்துக்குச் சென்றுதான் விசாரிக்க வேண்டும். விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் அவருடைய கையெழுத்தை வாங்கக் கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு 35-ஆம் பிரிவின்கீழ் தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. வாட்ஸ்அப் செய்தியாவது எழுத்தில் இருக்கும்; தொலைபேசியில் சொன்ன வார்த்தைக்கு அதுவும் இல்லை.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதிவுத் தபால் ஒன்றைக் கொடுத்தாலே கையெழுத்து, தேதி எல்லாம் வாங்கிப் பழகியவனுக்கு, ஒரு மனிதரை நாள் முழுதும் பெஞ்சில் உட்கார வைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்பது விளங்கவில்லை. அழைப்பு எழுத்தில் இல்லையென்றால், அவர் எந்த வழக்குக்காக, யார் சொல்லி, எத்தனை மணிக்கு வந்தார் என்பதை எந்த நீதிபதியிடமும் காட்ட முடியாது. வீட்டுச் சோதனைக்கும் இதுவே பொருந்தும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள், கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் வீட்டாருக்கு ஒரு நகல், சோதனை முழுவதற்கும் வீடியோப் பதிவு என்று சட்டம் கேட்பவை அனைத்தும் பதிவு சம்பந்தப்பட்டவையே. திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் காவல் நிலையத்தில் 2023-இல் ஒருவர் தாக்கப்பட்ட கேமராக் காட்சி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2025-இல்தான் வெளியே வந்தது. அதன் பிறகே போலீஸார் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

பலப்பிரயோகத்துக்கும் வரம்பு உண்டு. கைதை எதிர்ப்பவரிடம் தேவையான அளவுக்குப் பலம் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லாதவரை அடிக்க எந்தப் பிரிவும் இடம் கொடுக்கவில்லை. ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. எனவே இப்பகுதி நிலையங்களில் விசாரணை நோட்டீஸைத் தமிழிலும் அச்சிட்டு வைக்க மாவட்டக் காவல் தலைமை உத்தரவிட வேண்டும். காவலாளியை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் நோட்டீஸ் தருமாறு அவர் பெயரில் தமிழில் மனு எழுதி, ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பியுள்ளோம். ஒப்புகை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை