மகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

குலசேகரம்
செவ்வாய் இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் பி.ஏ. பொருளியலில் சேர்ந்துவிட்டாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது.

பிளஸ் டூவில் சயின்ஸ் படித்த பிள்ளை, அதுவும் தமிழ் வழியில். 'எலாஸ்டிசிட்டி' (நெகிழ்ச்சி) என்றதும் மிரளத்தான் செய்வாள். என் மகனும் அப்படித்தான் நின்றான். யூடியூபில் கண்டதையெல்லாம் பார்த்தான், ஒன்றும் மனசில் தங்கவில்லை, ஒரு செமஸ்டர் போய்விட்டது.

அவனைக் கரையேற்றியது நம் அரசுப் பாடநூல்தான். 11, 12ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். 'தேவை நெகிழ்ச்சி', அதாவது விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது, தமிழில் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலச் சொல் பயமுறுத்தாது. 11ஆம் வகுப்புப் புத்தகத்தின் கடைசியில் கணிதப் பாடம் இருக்கிறது, அதை மட்டும் தாண்டிவிட வேண்டாம் என்று சொல்.

அப்புறம் கோர் ஈகான் என்ற தளத்தில் ஒரு முழுப் பொருளியல் பாடநூலே இலவசம். அது வளைகோடுகளில் தொடங்காமல், மனிதர்களின் வாழ்க்கை எப்படி மாறியது, ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று தொடங்கும். வீடியோ வேண்டுமென்றால் கான் அகாடமி போதும்.

இனி முக்கியமான விஷயம். ரப்பர் போர்டு தளத்தில் கோட்டயம் சந்தையின் ஆர்.எஸ்.எஸ். 4 (புகையூட்டிய ரப்பர் ஷீட்டின் ஒரு தரம்) விலை தினமும் வரும். மகனை ஒரு மாதம் அதை நோட்டில் எழுத வைத்தேன். ஒரு பக்கம் விலை, மறுபக்கம் நம் தோட்டத்தில் அன்று எத்தனை ஷீட். மழை நாளில் பூஜ்ஜியம். ஒருநாள் வந்து, "அப்பா, எல்லாருக்கும் வெட்டு இல்லையே, பிறகும் விலை ஏன் இறங்குது?" என்று கேட்டான். இறக்குமதி, டயர் கம்பெனிகள், கச்சா எண்ணெயிலிருந்து வரும் செயற்கை ரப்பர் என்று அவனே தேடிப் படித்தான். பதிலீட்டுப் பொருள், அதாவது ஒன்றுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இன்னொன்று, என்ன என்பதை அதற்குப் பிறகு யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உன் வீட்டுப் பக்கத்திலேயே தோவாளைப் பூச்சந்தை. ஓணத்துக்கு முந்தின வாரம், முகூர்த்த நாள், ஒன்றுமில்லாத நாள் என்று பிச்சி விலையை அவள் எழுதி வரட்டும்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. மகனின் அந்த நோட்டு இங்கே அலமாரியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்