ஜூலை பேப்பர் ஞாபகமிருக்கிறதா, அக்கா?

அன்புள்ள அக்கா,

உன் பையன் படிப்பைப் பற்றி நேரில் பேசினால் சண்டையில் முடிகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக்கோடு சரி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரோ பையன் பெயரோ போடவில்லை, பயப்படாதே. சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளை வைத்திருக்கிற எந்த அம்மாவும் இது தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு தண்ணீர் எடுக்கப் போனபோது உன் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். மஞ்சள் கட்டம் எட்மேட்ஸ் என்கிற கூடுதல் கணிதம், பச்சை பிசிக்ஸ், சிவப்பு செஜாரா என்கிற வரலாறு. இரவு பதினொன்றரை வரை கட்டம். ஞாயிறு மாலை மட்டும் ஒன்று காலியாக இருந்தது. அதிலும் பென்சிலால் "கெமிஸ்ட்ரி?" என்று எழுதி வைத்திருக்கிறாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன்.

அப்புறம் பையன் சாப்பிட வந்தான். ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரமாக அடுக்கினானே தவிர வாயில் போகவில்லை. உன் போன் சத்தம் போடும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்தான். டிரையல் என்கிற மாதிரிப் பரீட்சை மார்க்கைக் குடும்பக் குழுவில் அழுகிற முகத்தோடு போட்டிருந்தாயே, அதற்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன் வீட்டில் இப்போது எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தீபாவளிச் சட்டையா, ரிசல்ட் வரட்டும். பின்கட்டுத் தகரம் ஒழுகுகிறதா, ரிசல்ட் வரட்டும். உன் முழங்கால் வலிக்குக்கூட அதே பதில். மாடிப்படி ஏறும்போது நீ சுவரைப் பிடிப்பதை நான் பார்க்காமல் இல்லை.

டியூஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டபோது, "மாமா, ரிசல்ட் அன்னைக்கு நீங்க லீவு போட முடியுமா?" என்று கேட்டான். ஏண்டா என்றேன். "அம்மா முன்னாடி தனியா நிக்க வேணாம்னுதான்." அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். நான் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று வழியில் சொல்லியிருந்ததால், மனம் விட்டுப் பேச உதவும் பிஃபிரெண்டர்ஸ் எண்ணை அவன் போனில் சேர்த்துக் கொடுத்தேன். 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். கோபப்படாதே. தாய்மாமன் என்ற உரிமையில் செய்தேன்.

ஒன்றை யோசித்துப் பார். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். பரீட்சையை 2021இல் ரத்து செய்தார்கள். மூன்றாம் படிவ பி.டி.3ஐ 2022இல் ரத்து செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது என்று நாமும் சந்தோஷப்பட்டோம். இவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோது கோவிட், அந்த வருடப் பரீட்சையும் நடக்கவில்லை. ஆக, பதினேழு வயதில் இவன் எழுதுகிற முதல் அரசாங்கப் பரீட்சையே எஸ்.பி.எம்.தான். நாமெல்லாம் சின்ன வயதிலேயே ஒரு தடவை, மூன்றாம் படிவத்தில் ஒரு தடவை என்று அடிபட்டுப் பழகியவர்கள். இவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

உன் பயம் காரணமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் 90 விழுக்காடு இடம் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு என்று பல வருடம் பார்த்துவிட்டோம். 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று 2024இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அன்றிலிருந்து நம் ஊரில் ஒன்பது ஏ எடுப்பதும் தோல்விக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளை ஆறாம் படிவம் போய் ஒன்றரை வருடம் எஸ்.டி.பி.எம். படித்தால் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடுமா என்ன?

சரி, என் கதைக்கு வருகிறேன். 1997. நான் எஸ்.பி.எம். பரீட்சையில் பி.எம். என்கிற மலாய்ப் பாடத்தில் தோற்றேன். மலாய் தோற்றால் அப்போதும் சான்றிதழே கிடையாது. ஸ்லிப்பை நாலாக மடித்துச் சைக்கிள் சீட்டுக்கு அடியில் சொருகிவிட்டு, தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோர் பின்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். நீதான் தேடி வந்தாய். உன் மேலெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாய். பாதி தின்றதும் நானாகவே சொன்னேன். "அதுக்கென்ன, ஜூலை பேப்பர் இருக்குல்ல" என்றாய். அம்மாவிடம், "எல்லாம் பாஸ்தான், ஒரு பேப்பர் மட்டும் திரும்ப எழுதணும்" என்று நீயே சொல்லிவிட்டாய். கட்டணமும் உன் சம்பளத்தில்தான்.

அப்புறம் தினமும் சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து மலாய்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாய். மலாய்ச் சொல்லுக்கு முன்னால் 'மெம்' வர வேண்டிய இடத்தில் நான் 'மெங்' போட்டால், உளி பிடித்துக் காய்த்துப்போன விரலால் தொடையில் ஒரு தட்டு. உன் மலாய் என் மலாயைவிட எப்போதும் நன்றாக இருந்தது. 1990இல் மூன்றாம் படிவ எஸ்.ஆர்.பி. பரீட்சையில் உன் மார்க்கைப் பார்த்துத் தோட்டத்து ஆபீஸ் கிராணியே வீடு தேடி வந்தார். அப்பா படுத்த படுக்கை. அடுத்த மாதமே அம்மாவோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரம் வெட்ட நெரைக்குப் போய்விட்டாய்.

நீ விட்ட இடத்திலிருந்து பையனை ஓட விடுகிறாய் என்று எழுத வந்தேன். எழுதப் போனால் கை நிற்கிறது. நீ விட்ட இடத்தில் உட்கார்ந்து படித்தவனே நான்தானே. அந்த ஜூலை பேப்பரை வைத்துத்தான் ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக்கில் நுழைந்தேன், அதில்தான் இன்றைக்கும் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் உனக்குப் புத்தி சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். தோற்றுவிட்டு வந்த தம்பிக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தவள், பிசிக்ஸில் சி பிளஸ் வாங்கிய பிள்ளையோடு ஏன் மூன்று நாள் பேசவில்லை?

அப்புறம், தமிழ் இலக்கியத்தை விடச் சொல்லியிருக்கிறாயாம். பள்ளி அட்டவணையில் அதற்கு இடம் இல்லாததால் ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை தன் நேரத்தில் சொல்லித் தருகிறார். அந்த நேரத்தில் எட்மேட்ஸ் படிக்கலாம் என்பது உன் கணக்கு. காரில் அன்று அவன் வாயைத் திறந்து பத்து நிமிடம் விடாமல் பேசியது அந்த வகுப்பைப் பற்றி மட்டும்தான். அதை அவனிடமிருந்து பிடுங்காதே, அக்கா. ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்குறியையும் அழித்துவிடு. பென்சில்தானே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். அவனை வகுப்பில் இறக்கிவிட்டு, நாம் இரண்டு பேரும் ஈப்போ போய் உன் முழங்காலைக் காட்டிவிட்டு வருவோம். பேர் பதிந்தாகிவிட்டது. ரிசல்ட் வரட்டும் என்று சொல்லாதே.

உன் தம்பி